கோவையை ஸ்ரிங் ஆக்கிறது: கண்ணுக்கோ, மெசினுக்கோ?

இணைந்த கணிதம் படிப்பிக்கிற ஆக்கள், அறிவியல் நகரில எஞ்சினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிமார், கொம்பியூட்டரில கணக்கு செய்து பாக்கிற ஆரா இருந்தாலும் ஒரு இடத்தில வந்து நிண்டு போவினம். கணக்கெல்லாம் சரியா வந்திருக்கும், திரையில பின்னம் பின்னமாவும் வர்க்கமூலம் வர்க்கமூலமாவும் வடிவா நிக்கும், ஆனா அதைத் தூக்கி ஒரு வசனத்துக்குள்ள போடவோ வட்ஸ்அப்பில அனுப்பவோ ஃபைலில சேவ் பண்ணவோ வெளிக்கிட்டா எல்லாம் குலைஞ்சு போகும். கோவையை (அ^2 + 1 மாதிரிக் கணிதத்தில வாற expression) ஸ்ரிங் (வெறும் எழுத்து வரிசை) ஆக்கிறது எண்டது ஒரு சின்ன கொமாண்ட் தான், ஆனா வன்னியில நாங்கள் வினாத்தாள் தயாரிக்கிற விதத்துக்கு அது பெரிய விசயம், அதால கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

இந்தப் பதிவில மாறிகளுக்கு அ, ஆ எண்டே போடுறன். அப்பிடித் தனி எழுத்தா குடுத்தா பைதன் மொழியில ஓடுற சிம்பை (SymPy) எண்ட கணிதத் தொகுப்பும் ஏற்கும், பைதன் 3 இல தமிழ் எழுத்து மாறிப் பெயரா வரலாம்.

அ^2 + 1 எண்டு நீங்கள் அடிச்சா சொஃப்ட்வெயாருக்குள்ள அது எழுத்தா இருக்கிறேல்லை. உச்சியில கூட்டல், அதுக்குக் கீழ ரெண்டு கிளை, ஒரு கிளையில அடுக்கு, மற்றதில 1, அடுக்குக்குக் கீழ அ வும் 2 வும், இப்பிடி ஒரு மரமாத்தான் அது இருக்குது. திரையில தெரியுறது அந்த மரத்தைப் பாத்து ஒவ்வொரு தடவையும் புதுசா வரையுற படம். ஸ்ரிங் எண்டதும் அதே மரத்தை இன்னொரு விதமா எழுதுறது தான். அப்ப முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இந்த ஸ்ரிங்கை ஆர் வாசிக்கப் போயினம், மனிசரோ மெசினோ? இதுக்குப் பதில் தெரியாமல் கொமாண்ட் தேடினா எந்தக் கொமாண்டும் பிழையாத்தான் தெரியும்.

மத்தமற்றிக்கா (Mathematica) எண்ட கணிதச் சொஃப்ட்வெயாரில இருந்து தொடங்குவம். 1988 இல முதல்ல வந்தது, காசுக்குத்தான் விக்கினம், ஆனா ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் வச்சிருக்கிற ஆக்களுக்கு 2013 இல இருந்து சொந்தப் பாவனைக்கு இலவசம், 2019 இல டெவலப்பர்மாருக்கு எண்டு வுல்ஃப்ராம் எஞ்சினையும் இலவசமா விட்டிருக்கினம். மத்தமற்றிக்காவில ரூஸ்ரிங் (ToString) எண்டு ஒரு சார்பு இருக்கு. நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி அது அவுட்புட்ஃபோம் எண்ட வடிவத்தில எழுதும். அந்த வடிவம் பழைய ரேர்மினல் காலத்துக்காக எழுத்தாலயே படம் கீறுறது. மூண்டில ஒண்டை அதுக்குக் குடுத்தா வாற ஸ்ரிங் இதுதான்:

1
-
3

ஒரே ஸ்ரிங், ஆனா உள்ளுக்க ரெண்டு வரி முறிவு. நோட்புக்கில, அதாவது மத்தமற்றிக்காவின்ர சொந்தப் பக்கத்தில, பாக்க ஒரு பிரச்சினையும் இல்லை. இதை ஒரு வசனத்துக்கு நடுவில ஒட்டிப் பாருங்கோ, ஃபைலில எழுதிப் பேந்து வாசிச்சுப் பாருங்கோ, கணக்கு மூண்டு துண்டாப் போயிடும். அடுக்கு வந்தா இன்னும் மோசம், 2 மேல் வரியில தனிய நிக்கும், அ கீழ் வரியில நிக்கும், எழுத்துகள் எல்லாம் ஒரே அகலமில்லாத ஃபொன்ற் எண்டா எது எதுக்கு மேல நிக்குது எண்டே தெரியாது, தமிழ் எழுத்து ஒரே அகலத்தில வாறதும் இல்லை.

இதுக்கு மருந்து ரூஸ்ரிங்குக்கு ரெண்டாவது உள்ளீடா இன்புட்ஃபோம் எண்டு குடுக்கிறது. அப்ப 1/3 எண்டு ஒரே வரியில வரும், அதைத் திரும்ப ரூஎக்ஸ்பிரஷனுக்குக் குடுத்தா அதே கோவை வரும். மெசினுக்கு எண்டா எப்பவும் இதுதான்.

இதில தசமத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும். π (பை) இன்ர தசமப் பெறுமானத்தைச் சும்மா ரூஸ்ரிங் பண்ணினா 3.14159 எண்டு தான் வரும், ஆறு இலக்கம். இன்புட்ஃபோமில 3.141592653589793. நோட்புக்கில உண்மையான எண்ணும் அந்த ஆறு இலக்க ஸ்ரிங்கும் ஒண்டு மாதிரித்தான் தெரியும், ஏனெண்டா நோட்புக்கும் ஆறு இலக்கம் தான் காட்டும், அதால ஆக்கள் இதைக் கவனிக்கிறேல்லை. ஆறு இலக்க ஸ்ரிங்கைத் திரும்ப எண்ணாக்கி 1000 மீற்றர் ஆரை வட்டத்தின்ர பரப்பளவைக் கண்டா 3141590 சதுர மீற்றர், உண்மையில வர வேண்டியது 3141592.65. வித்தியாசம் 2.65 தான், ஆனா ஸ்கிரிப்ட் எழுதி ரெண்டும் சமனோ எண்டு கேட்டா இல்லை எண்டு சொல்லும், பிள்ளை சரியாச் செய்திருக்கும், மெசின் பிழை போடும்.

ட்ரடிஷனல்ஃபோம் எண்டு இன்னொண்டு இருக்கு, பாடப்புத்தகத்தில அச்சடிச்ச மாதிரிக் காட்டும். அதை ஸ்ரிங் ஆக்கலாம், ஆனா அந்த ஸ்ரிங்குக்குள்ள இருக்கிறது வடிவமைப்புக் கட்டளையள், பின்சாய்கோடும் ஆச்சரியக்குறியும் அடைப்பும் பொக்ஸ் பெயருகளும். நோட்புக் அதை வாசிச்சு வடிவாக் காட்டும், வெளியில ரெக்ஸ்ட் ஃபைலுக்குப் போனா அந்தக் கட்டளையளே எழுத்தா விழும். போன மாசம் அறிவியல் நகரில படிக்கிற தம்பி ஒருத்தர் இதைப் பற்றித்தான் கேட்டவர்.

"அண்ணை, வரைபடத்துக்கு மேல தலைப்பில சார்பைப் போட வேணும், ஸ்ரிங்கோட ஒட்டினா எரர் வருது, ரூஸ்ரிங் போட்டா ரெண்டு வரியா உடையுது, என்ன செய்யிறது?"

"தம்பி, அங்க ஸ்ரிங்கே தேவையில்லை. தலைப்புக்குக் கோவையையே குடுக்கலாம். எழுத்தும் கோவையும் சேத்து வேணுமெண்டா ரோ (Row) எண்டதுக்குள்ள ரெண்டையும் அடுக்கி விடுங்கோ."

அவருக்கு அது உடன சரி வந்திட்டுது. ஸ்ரிங்கையும் ஸ்ரிங்கையும் இணைக்கிற குறி ரெண்டு பக்கமும் ஸ்ரிங் தான் கேக்கும், கோவையைக் குடுத்தா ஸ்ரிங் எதிர்பாத்தன் எண்டு சொல்லும், அந்த எரரைப் பாத்துத்தான் கனபேர் ரூஸ்ரிங்குக்கு ஓடுறது. ரோ எண்டது அடுக்கி மட்டும் வைக்கும், கோவை கோவையாவே இருக்கும், வடிவமும் குலையாது. பைதனில வரைபடம் கீற மட்பிளொட்லிப் பாவிக்கிற ஆக்கள் சிம்பையின்ர லேடெக் (LaTeX, கணக்கை அச்சுக்கு எழுதுற முறை) ஸ்ரிங்குக்கு ரெண்டு பக்கமும் டொலர் குறி போட்டுத் தலைப்பில விட்டா அதுவே வரைஞ்சு தரும்.

தாயம் பாவிக்கிற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. மத்தமற்றிக்காவில மற்றிக்ஸ்ஃபோம் எண்டது காட்டுறதுக்கு மட்டும். அதோட சேத்து ஒரு பெயரில வச்சால் பேந்து அந்தப் பெயரை வச்சுப் பெருக்கவோ நேர்மாறு காணவோ ஏலாது, ஏனெண்டா உள்ளுக்க இருக்கிறது உறை போட்ட தாயம். முதல்ல வெறும் தாயத்தைப் பெயரில வச்சு, காட்டேக்க மட்டும் உறையைப் போடுங்கோ.

இனி சிம்பை. காசில்லை, பைதன் இருந்தா போதும், நான் வினா வங்கி முழுக்க இதில தான் வச்சிருக்கிறன். இதில ஸ்ரிங் ஆக்க நாலு வழி இருக்கு, நாலும் நாலு வேலைக்கு. ஸ்ரர் (str) எண்டது சாதாரண ஒரு வரி, அடுக்குக்கு ரெண்டு நட்சத்திரம் போடும். பிறிற்றி எண்டது பல வரியில எழுத்தால கீறின படம், திரையில பாக்க மட்டும். லேடெக் எண்டது அச்சுக்கு. நாலாவது எஸ்றெப்ர் (srepr), இதைத்தான் ஆரும் கணக்கெடுக்கிறேல்லை, பாக்க வடிவில்லை, நீட்டுக்கு ஆட், பவ், சிம்பல், இன்டிஜர் எண்டு மரத்தை அப்பிடியே எழுதி வைக்கும். ஃபைலில சேமிக்க இதுதான் நல்லம்.

ஏன் எண்டு கேட்டா, அ எண்ட மாறியை நேர் எண் எண்டு சொல்லி உருவாக்கி வச்சிருக்கிறியள் எண்டு எடுங்கோ. அப்பிடிச் சொன்னதால அ வர்க்கத்தின்ர வர்க்கமூலம் நேர அ எண்டு சுருங்கும், அது சரி. இப்ப அதை ஸ்ரர் பண்ணினா வாறது வெறும் அ எண்ட எழுத்து. நேர் எண் எண்ட தகவல் போட்டுது. அந்த எழுத்தைச் சிம்பிஃபை (sympify, எழுத்தைக் கோவையாக்கிற சார்பு) பண்ணித் திரும்பக் கோவையாக்கி, பழைய அ இல இருந்து புது அ வைக் கழிச்சுப் பாருங்கோ, 0 வராது, ரெண்டு அ வும் கழிபடாமல் அப்பிடியே நிக்கும். திரையில ரெண்டும் ஒரே எழுத்து, சிம்பைக்கு ரெண்டு வேற ஆக்கள். இதைக் காணாத ஆள் எங்க பிழை எண்டு நாள் முழுக்கத் தேடலாம். எஸ்றெப்ர் எண்டா அந்தத் தகவலையும் சேத்து எழுதும், திரும்ப வாசிக்கேக்க அதே அ தான் வரும்.

பௌதிகவியல் செய்யிற ஆக்களுக்கு இன்னொரு இடம். ஓமின்ர விதியில மின்னோட்டத்துக்குப் போடுற ஆங்கிலப் பெரிய ஐ எழுத்து சிம்பைக்குக் கற்பனை அலகு, அதாவது -1 இன்ர வர்க்கமூலம். நீங்கள் மாறியா உருவாக்கி வச்ச ஐ யை ஸ்ரர் பண்ணித் திரும்ப வாசிச்சா மின்னோட்டம் சிக்கலெண்ணா மாறி வந்து நிக்கும், ஒரு எச்சரிக்கையும் வராது. பெரிய ஈ எழுத்தும் அப்பிடித்தான், அது 2.718 எண்டு தொடங்கிற மாறிலி. என், எஸ், ஓ எழுத்துகளுக்கும் சிம்பைக்குள்ள வேற வேலை இருக்கு. வாசிக்கேக்க லோக்கல்ஸ் எண்டதில இந்த எழுத்து என்ர மாறி எண்டு சொல்லி விட்டா பிரச்சினை தீரும்.

அதோட, சிம்பிஃபை உள்ளுக்க பைதன்ர ஈவால் (eval, எழுத்தைப் புரோகிராமா ஓட்டுறது) எண்டதைப் பாவிக்குது. வெளியில இருந்து வாற எழுத்தை, உதாரணத்துக்குப் பிள்ளையள் ஃபோமில நிரப்பி அனுப்புற விடையை, அப்பிடியே அதுக்குள்ள போட வேண்டாம், ஆரும் விடைக்குப் பதிலா புரோகிராம் துண்டு ஒண்டை எழுதி விட்டா அதுவும் ஓடும். எண், மாறி, கணிதக் குறி தவிர வேற ஏதும் இருந்தா முதலே தள்ளிப் போடுங்கோ.

மக்ஸிமாவைச் சுருக்கமாச் சொல்லுறன். 1968 இல எம்ஐடியில தொடங்கின Macsyma எண்ட பழைய கணிதச் சொஃப்ட்வெயாரின்ர வழி வந்தது, வில்லியம் ஷெல்டர் எண்டவர் கனகாலம் தனிய நிண்டு பராமரிச்சு 1998 இல ஜிபிஎல் எண்ட கட்டற்ற உரிமத்தில வெளியில விட்டவர், 2001 இல அவர் இறந்த பிறகும் ஆக்கள் சேந்து கொண்டு போகினம். பழைய லப்டொப்பிலயும் ஓடும், இன்ரநெற் தேவையில்லை. டிஸ்பிளே2டி எண்டதை ஃபோல்ஸ் ஆக்கினா திரையிலயே ஒரு வரியில வரும், ஸ்ரிங் எண்ட சார்பு ஒரு வரி எழுத்தாத் தரும், டெக்ஸ் எண்டதுக்கு ரெண்டாவதா ஃபோல்ஸ் குடுத்தா திரையில போடாமல் லேடெக்கை ஸ்ரிங்காவே கையில தரும். அவ்வளவு தான். மேப்பிள் வச்சிருக்கிற ஆக்கள் கொன்வேர்ட் எண்டதுக்கு ஸ்ரிங் எண்டு குடுத்தா சரி.

வினாத்தாள் தயாரிக்கிற ஆக்களுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒண்டு இருக்கு. சுருக்குக எண்டு கேக்க 2 + 3 எண்டு அடிச்சா ஸ்ரிங் ஆக முதலே அது 5 ஆயிடும், கேள்வியே விடையாப் போயிடும். மத்தமற்றிக்காவில அன்இவாலுவேற்றட் எண்டதுக்குள்ள வச்சு இன்புட்ஃபோமோட ரூஸ்ரிங் பண்ணினா 2 + 3 எண்டே வரும். ஹோல்ட்ஃபோமுக்குள்ள வச்சால் இன்புட்ஃபோமில அந்தப் பெயரும் சேந்து எழுத்தா வந்திடும், அதைக் கவனியுங்கோ. சிம்பையில தொகையீட்டுக்கு எனக்கு இதைவிட விருப்பமான வழி ஒண்டு இருக்கு. சின்ன எழுத்தில தொடங்கிற இன்ரகிறேற் உடன செய்து விடையைத் தரும், பெரிய எழுத்தில தொடங்கிற இன்ரகிறல் செய்யாமல் கேள்வியாவே வச்சிருக்கும். 0 இல இருந்து 1 வரை அ^2 இன்ர தொகையீட்டை இன்ரகிறலாக் கட்டி அதை லேடெக் பண்ணினா வினாத்தாளுக்கு வேண்டிய கேள்வி, அதே பொருளுக்குப் பின்னால டூஇற் (doit) எண்டு போட்டு லேடெக் பண்ணினா விடைத்தாளுக்கு வேண்டிய 1/3. கேள்வியும் விடையும் ஒரே மரத்தில இருந்து வாறதால கேள்வியில எல்லையை மாத்திப் போட்டு விடையை மாத்த மறந்து போறது எண்ட கதையே இல்லை. மக்ஸிமாவில இன்ரகிறேற்றுக்கு முன்னால ஒற்றை மேற்கோள் போட்டா அதே வேலை.

இனி எங்கட பக்கத்துக்கே உரிய பிரச்சினை. இஞ்ச பழைய வினாத்தாளெல்லாம் வேர்ட்டில பாமினி ஃபொன்ற்றில அடிச்சது, இப்பவும் கன ரியூசன் சென்ரரில அப்பிடித்தான். பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவம் போட்டிருக்கு. சிம்பை ஒழுங்கா ஒரு வரியில தந்த ஸ்ரிங்கைக் கொண்டு போய்ப் பாமினிப் பந்திக்குள்ள ஒட்டினா எக்ஸ் இருந்த இடத்தில ஒ வரும், வை இருந்த இடத்தில ல வரும். அது கண்ணுக்குத் தெரியும், பாத்த உடன பிழை எண்டு விளங்கும். சமனிலியில தான் வடிவாப் பாக்க வேணும், சின்னது எண்ட குறி பாமினியில ஈ. 2 < 3 எண்டது 2 ஈ 3 எண்டு நிக்கும். ஆயிடையில வாற காற்புள்ளி இ ஆகும். இந்த இடத்தில ஸ்ரிங்கில ஒரு பிழையும் இல்லை, குறியீடு அதே தான், போட்டிருக்கிற ஃபொன்ற் தான் வேற உருவம் காட்டுது. அந்தத் துண்டை மட்டும் தெரிஞ்சு ரைம்ஸ் நியூ ரோமன் ஆக்கினா சரியாயிடும். ஆனா ஒவ்வொரு கணக்குக்கும் இதைச் செய்து கொண்டிருக்க ஏலாது, அதால புதுசா அடிக்கிறதையாவது யூனிகோட்டில அடியுங்கோ எண்டு ரீச்சர்மாரிட்டயும் சேர்மாரிட்டயும் நான் கேக்கிறனான், இதைத் திரும்பத் திரும்பக் கேப்பன்.

மறுபக்கமா வேர்ட்டில இருந்து கணக்கை எடுத்துக் கொம்பியூட்டருக்குக் குடுக்கிறதுக்கும் ஒண்டு ரெண்டு சொல்லுறன். ஈக்குவேசனைத் தெரிஞ்சு லீனியர் எண்டதுக்கு மாத்தினா பின்னக்கோடு சாய்கோடாகி ஒரு வரியில வரும், அதைக் கொப்பி பண்ணலாம். ஆனா அதில வாற கழித்தல் குறி கீபோட்டில இருக்கிற குறி இல்லை, யூனிகோட்டில 2212 எண்ட தனிக் குறி, பைதன் அதைக் கண்ட உடன எரர் தரும், பெருக்கல் குறியும் அப்பிடித்தான். முதல்ல அதுகளை மாத்திப் போட்டுக் குடுங்கோ. பழைய ஈக்குவேசன் எடிட்டர் 3.0 ஐ 2018 ஜனவரியில மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புக் காரணத்தால எடுத்திட்டினம், அதில அடிச்ச கணக்குகளைப் பாக்கலாம், திருத்த ஏலாது, அப்பிடி இருக்கிறதுகளை நான் கையால திரும்ப அடிச்சுத்தான் வங்கியில போடுறன்.

பிடிஎஃப்பில இருந்து கொப்பி பண்ணுறதை மட்டும் விடுங்கோ. மேல அ + 1, கீழ 2 எண்டு இருக்கிற பின்னத்தைக் கொப்பி பண்ணினா கோடு எழுத்தில்லை, அது வெறும் கோடு, அதால வராது. ஆரோ அதை அ + 1/2 எண்டு திருத்தி குறூப்பில போடுவினம். அ க்கு 3 எண்டு போட்டா சரியான விடை 2, இந்த வரி தாறது 3.5. பனங்காமத்தில இருந்தோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க இருந்தோ போனில மட்டும் பாத்துப் படிக்கிற பிள்ளைக்கு மூலத்தாள் கையில இல்லை, கிட்ட ஒரு சேர் இல்லை, அது தான் பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சுக் கொண்டு இரவு முழுக்க அந்தக் கணக்கோட இருக்கும். இதால தான் நான் இந்த விசயத்தில இவ்வளவு பிடிவாதமா நிக்கிறது. சிம்பையோ மக்ஸிமாவோ தாற ஒரு வரி ஸ்ரிங்கில அடைப்பு வேண்டிய இடத்தில அடைப்பு கட்டாயம் இருக்கும், மக்ஸிமாவில (அ + 1)/2 எண்டே வரும், சிம்பை அதை அ/2 + 1/2 எண்டு பிரிச்சு எழுதும், அதுவும் சரி, ஆக்கள் கையால அடிக்கிறதில தான் அது தவறுறது. எழுத்தா அனுப்புறதெண்டா மெசின் தந்த வரியை அப்பிடியே அனுப்புங்கோ, வடிவா வேணுமெண்டா லேடெக்கில இருந்து படமாக்கி அனுப்புங்கோ.

கடைசியா விடை திருத்திறது. ஸ்ரிங்கையும் ஸ்ரிங்கையும் ஒப்பிட்டு மாக்ஸ் போட வேண்டாம். நீங்கள் (அ + 1)^2 எண்டு வச்சிருக்க, பிள்ளை அ^2 + 2அ + 1 எண்டு எழுதியிருக்கும், ரெண்டும் சரி, எழுத்து வேற. ரெண்டையும் கோவையாக்கி ஒண்டில இருந்து மற்றதைக் கழிச்சுச் சுருக்கி 0 வருதோ எண்டு பாருங்கோ. அதுவும் எல்லாத்துக்கும் வேலை செய்யும் எண்டில்லை. சைன், அடுக்கு, தனிப்பெறுமானம் எல்லாம் கலந்த கோவையள் 0 ஓ இல்லையோ எண்டு எப்பவும் தீர்மானிக்கிற பொது முறை ஒண்டு இருக்க ஏலாது எண்டு 1968 இல டானியல் றிச்சட்சன் நிறுவியிருக்கிறார். அதால சுருக்கி 0 வராட்டிப் பிள்ளைக்குப் பிழை போடாமல், அ க்கு ஒண்டிரண்டு எண்களைப் போட்டு ரெண்டு கோவையும் ஒரே பெறுமானம் தருதோ எண்டு பாக்கிறன், சிம்பையில ஈக்குவல்ஸ் எண்டதும் எண் போட்டுப் பாக்கிற வேலையைச் செய்யும். அதிலயும் சந்தேகமெண்டா அந்த விடையை ஒரு பக்கம் எடுத்து வச்சுக் கையால திருத்திறன்.

மற்றது, வங்கி ஃபைலில ஒவ்வொரு வரியிலயும் எஸ்றெப்ர் ஸ்ரிங்கும் எந்தப் பாட அலகு எண்டதும் மட்டும் தான் இருக்கு, லேடெக்கோ படமோ அதில வைக்கிறேல்லை, அதுகள் தேவைப்படேக்க அதில இருந்து எடுக்கிறது. மக்ஸிமா அன்ட்ரொயிட் போனிலயும் இருக்கு, ஒருக்கா டவுன்லோட் பண்ணினா டேட்டா இல்லாமலும் ஓடும், லப்டொப் இல்லாத பிள்ளையள் அதில தொடங்குங்கோ, முதல் அடிக்க வேண்டியது டிஸ்பிளே2டி முக்காற்புள்ளி ஃபோல்ஸ், பேந்து அரைப்புள்ளி.